தாடிக்குத் தடை: நியூயார்க் தீயணைப்பு வீரர்களின் வழக்கு எதைத் தீர்த்தது, எதை விட்டுவைத்தது

நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையில் மீசை வைத்துக்கொள்ளலாம். கிருதாவையும் அளவோடு விட்டுக்கொள்ளலாம். தாடி மட்டும் கூடாது. 2015 ஆகஸ்டில் இந்த விதியில் ஒரு விலக்கு வந்தது. சவரம் செய்தால் முகம் முழுக்கக் கொப்புளமும் புண்ணுமாகிவிடும் தோல் பிரச்சினை உள்ள வீரர்கள், ஒட்ட வெட்டிய தாடியுடன் முழுப் பணியில் இருக்கலாம் என்று துறை அனுமதித்தது. மூச்சுக் கருவியின் மாஸ்க் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்ற சோதனையில் தேற வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அவர்கள் தேறினார்கள். இரண்டே முக்கால் ஆண்டுகள் அந்தத் தாடியோடு நெருப்புக்குள் போய் வந்தார்கள். மாஸ்க் கசிந்து யாருக்கும் ஒன்றும் ஆனதாகப் பதிவு இல்லை. 2018 மே மாதம் துறை விலக்கைத் திரும்பப் பெற்றது. மழிக்க வேண்டும், முடியாதென்றால் தீயணைப்பை விட்டுவிட்டு இலகுப் பணிக்குப் போக வேண்டும் என்றாகிவிட்டது.

நான்கு வீரர்கள் வழக்குப் போட்டார்கள். நான்கு பேருமே கறுப்பினத்தவர்கள். 2020 ஜனவரியில் புரூக்ளின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன், ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின்படி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2021 ஜூனில் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. விலக்கு கிடையாது, மழிக்கத்தான் வேண்டும் என்று முடிந்தது.

இதைப் படிக்கும் எவருக்கும், தாடி வைத்தால் மாஸ்க் கசியும் என்று நீதிமன்றம் ஆராய்ந்து முடிவுக்கு வந்துவிட்டது என்றே தோன்றும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அதற்கு 12 ஆண்டுகள் முன்பு, தலைநகர் வாஷிங்டனின் தீயணைப்பு வீரர்கள் இதே கேள்வியோடு நீதிமன்றம் போய் ஜெயித்தார்கள். அங்கேயும் மாஸ்க் கசியாது என்று யாரும் தீர்ப்பெழுதவில்லை. தாடிக்கும் மாஸ்க்குக்கும் என்ன உறவு என்பதைத் தெரிந்துகொள்ள முதலில் அந்தக் கருவியைப் பார்க்க வேண்டும்.

தீயணைப்பு வீரர் முதுகில் சுமப்பதை நம் பத்திரிகைகள் ஆக்சிஜன் சிலிண்டர் என்றே எழுதுகின்றன. அதில் இருப்பது நீங்களும் நானும் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. அழுத்தி அடைத்தது, அவ்வளவுதான். எரியும் வீட்டுக்குள் சுத்த ஆக்சிஜனைக் கொண்டுபோவது நல்ல யோசனை அல்ல. பரவலாகப் புழங்கும் 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் சுமார் 2,000 லிட்டர் காற்று இருக்கும். அது முதலில் ஒரு குறைப்பானிலும் பிறகு மாஸ்க்கின் முன்பக்கம் உள்ள ரெகுலேட்டரிலும் அழுத்தம் தணிந்து முகத்துக்கு வருகிறது. மாஸ்க் முழு முகத்தையும் மூடும். அதன் ரப்பர் அல்லது சிலிக்கான் விளிம்பு நெற்றியில் தொடங்கி, நெற்றிப்பொட்டு வழியாக இறங்கி, காதுக்கு முன்னால் கன்னத்தைக் கடந்து, தாடைக்குக் கீழே போய் முடிகிறது.

அந்தக் கோட்டை விரலால் உங்கள் முகத்தில் வரைந்து பாருங்கள். மீசை அதற்குள் அடங்கிவிடுகிறது. கீழுதட்டுக்கு அடியில் விடும் சிறு கீற்றுத் தாடியும் அடங்கும். கிருதா காது மடலைத் தாண்டி இறங்கினால் விளிம்பில் மாட்டும். கன்னத்துத் தாடியும் தாடைக்கு அடியில் வளரும் மயிரும் நேராக விளிம்பின் கீழேயே வருகின்றன. அமெரிக்கத் தீயணைப்பு வீரர் என்றதும் பெரிய மீசை நினைவுக்கு வருவதற்கு இந்தக் கோடும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முகத்தில் அவர்கள் தாராளமாக வளர்த்துக்கொள்ள முடிந்த இடம் அது ஒன்றுதான். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு நிறுவனமான ஓஷாவின் விதியும் தாடி என்ற பெயரைச் சொல்லித் தடுப்பதில்லை. மாஸ்க்கின் பொருந்து பரப்புக்கும் முகத்துக்கும் இடையில் மயிர் வரக்கூடாது, வால்வின் வேலையை மயிர் கெடுக்கக்கூடாது என்று இரண்டைத்தான் சொல்கிறது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2017-ல் இதை விளக்க ஒரு படம் போட்டது. விதவிதமான 36 முகமயிர் பாணிகளை வரைந்து, எது மாஸ்க்குக்குள் அடங்கும், எது அடங்காது என்று குறித்திருந்தது. 2020 தொடக்கத்தில் கொரோனா வந்தபோது, அதற்கென்றே புதிதாக வெளியிட்டதுபோல அது உலகம் முழுக்கச் சுற்றியது.

இனி அழுத்தம். பழைய வகைக் கருவிகளில் நீங்கள் மூச்சை உள்ளே இழுத்தால்தான் காற்று வரும். இழுக்கும்போது மாஸ்க்குக்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைகிறது. எங்காவது சந்து இருந்தால் புகை உள்ளே வரும். இப்போது தீயணைப்பில் பயன்படுவது நேரழுத்த வகை. மாஸ்க்குக்குள் அழுத்தம் எப்போதும் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்படி ரெகுலேட்டர் பார்த்துக்கொள்கிறது. சந்து இருந்தாலும் காற்று வெளியேதான் போகும், புகை உள்ளே வராது. தாடிக்காக வாதாடுகிறவர்களின் முதல் வாதமே இதுதான். காகிதத்தில் பார்த்தால் அசைக்க முடியாத வாதம்.

அது எங்கே அசைகிறது என்றால், மாடிப்படியில். கவச உடை, கருவி, குழாய், கடப்பாரை எல்லாம் சேர்ந்து இருபது முப்பது கிலோவைச் சுமந்துகொண்டு ஆறாவது மாடி ஏறும் ஒருவர் மூச்சை வெடுக்கென்று இழுக்கிறார். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று நாம் சொல்வது சராசரிக் கணக்கு. இழுக்கும் அந்த ஒரு கணத்தின் வேகத்தைத் தனியாக எடுத்தால் அது நிமிடத்துக்கு 300 லிட்டரையும் தாண்டக்கூடும். ரெகுலேட்டரால் அந்தக் கணத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனால் மாஸ்க்குக்குள் அழுத்தம் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு வெளியைவிடக் கீழே இறங்கும். அந்த நேரத்தில் வெளியே போக வேண்டிய காற்றின் பாதை புகை உள்ளே வரும் பாதையாகிவிடுகிறது. சவரம் செய்த முகத்திலும் இந்த அழுத்தச் சரிவு நிகழும். ஆனால் அங்கே சந்து இல்லை.

இரண்டாவது விஷயத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வெளியே கசியும் காற்றும் அவருடைய காற்றுதான். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்கிட்டால் 2,000 லிட்டர் 50 நிமிடம் வரும். கடும் உழைப்பில் 100 லிட்டர் போனால் 20 நிமிடம்தான். கசிவு இந்த 20 நிமிடத்திலிருந்துதான் கழிகிறது. புகை உள்ளே வரவில்லை என்பதால் கசிவினால் கேடில்லை என்று சொல்லிவிட முடியாது. மூன்றில் ஒரு பங்கு காற்று மிச்சமிருக்கும்போது எச்சரிக்கை மணி அடிக்கும். எந்த அறையில் இருக்கிறோம், வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாத இருட்டில் அந்த மணி சீக்கிரம் அடிப்பது சாதாரண விஷயமல்ல.

உள்ளே வரக்கூடிய புகையில் என்ன இருக்கிறது? கார்பன் மோனாக்சைடு நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. சோபா, மெத்தைகளில் உள்ள பாலியூரித்தேன் நுரை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். அது 50 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவிலேயே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் வகுத்திருக்கிறது. இவை அன்றைக்கே கொல்பவை. பல வருடம் கழித்துக் கொல்பவையும் உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ல் தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் சேர்த்தது.

மயிர் இதையெல்லாம் வடிகட்டாதா என்று கேட்பவர்கள் உண்டு. மாஸ்க் இல்லாத காலத்துத் தீயணைப்பு வீரர்கள் நீளமாகத் தாடி வளர்த்து, அதைத் தண்ணீரில் நனைத்து, வாயில் கவ்விக்கொண்டு புகைக்குள் போனார்கள் என்று தீயணைப்பு நிலையங்களில் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஈரத்தில் கொஞ்சம் கரி ஒட்டியிருக்கலாம். ஆனால் ஒரு மயிரின் தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. புகைத்துகள்களில் பெரும்பாலானவை அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. வாயுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாஸ்க்கின் விளிம்பின் கீழே தாடி என்பது கோரைப் பாயைக் கதவிடுக்கில் செருகி வைத்தது மாதிரி. கதவும் சாத்தாது, காற்றும் நிற்காது.

எவ்வளவு மயிருக்கு எவ்வளவு கசிவு? 2015-ல் பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட ஆய்வில், சவரம் செய்து 24 மணி நேரம் ஆவதற்குள்ளேயே மாஸ்க்கின் பாதுகாப்பு குறையத் தொடங்கக்கூடும் என்றும், முள் தாடி வளர வளர அது மேலும் மோசமாகிறது என்றும் தெரிந்தது. அந்த ஆய்வு வடிகட்டி மாஸ்க்குகளையும் அரைமுக மாஸ்க்குகளையும் வைத்துச் செய்தது. அமெரிக்காவில் 1983-லேயே ஒரு நேரழுத்தக் கருவியை வைத்து, வாரக்கணக்கில் தாடி வளர்த்தவர்களைச் சோதித்தார்கள். தாடி நீள நீளப் பாதுகாப்பு எண் (வெளிக்காற்றைவிட மாஸ்க்குக்குள் காற்று எத்தனை மடங்கு சுத்தம் என்ற கணக்கு) சரிந்துகொண்டே போனது. நேரழுத்தம் இருந்தால் கவலையில்லை என்ற வாதத்துக்கு இது நேரடியான அடி. ஆனால் அது ஒரே ஒரு மாடல் கருவி, அதுவும் வெளிவிட்ட மூச்சையே சுத்தப்படுத்தித் திரும்பத் தரும் மூடிய சுற்று வகை. சோதிக்கப்பட்டதும் கத்தரிக்காமல் வளரவிட்ட தாடி.

மறுபக்கத்து ஆய்வும் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. 2018-ல் ஓக்லஹோமாவில் மயிரின் நீளம், முரட்டுத்தன்மை, அடர்த்தி மூன்றையும் அளந்து சோதித்தார்கள். சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வரை பெரிய பாதிப்பு இல்லை. அதற்கு மேலே போகப்போகப் பொருத்தம் குறைந்தது. அடர்த்தியான தாடியில் இன்னும் வேகமாகக் குறைந்தது. 3 மில்லிமீட்டர் வரையிலும்கூட 98 சதவீதச் சோதனைகள் தேர்ச்சி மதிப்பைத் தாண்டின. நியூயார்க் வீரர்களின் தாடி ஒட்ட வெட்டியது என்பதை நினைவில் கொண்டால் இது அவர்களுக்குப் பெரிய ஆதரவுபோலத் தெரியும். ஆனால் அந்த ஆய்வும் அரைமுக மாஸ்க்கை வைத்துச் செய்ததுதான். அதற்குத் தேர்ச்சி மதிப்பு 100. முழுமுக மாஸ்க்குக்கு 500.

இந்த 500 என்பது என்ன என்று சோதனையில் பார்க்கலாம். மாஸ்க்கின் ரெகுலேட்டர் இருக்கும் இடத்தில் ஒரு வடிகட்டியை மாட்டிவிடுகிறார்கள். ஒரு மெல்லிய குழாய் மாஸ்க்குக்குள்ளிருந்து ஓர் இயந்திரத்துக்குப் போகும். அறையின் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை நுண்துகள், மாஸ்க்குக்குள் எத்தனை என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். வெளியே 500 இருந்து உள்ளே 1 இருந்தால் பொருத்த எண் 500. நீங்கள் நின்றபடி சாதாரணமாக மூச்சு விடுவீர்கள், பிறகு ஆழமாக. தலையை இடம் வலம் திருப்புவீர்கள், மேலும் கீழும் அசைப்பீர்கள். கொடுத்த பத்தியை உரக்கப் படிப்பீர்கள். 15 விநாடி முகத்தைக் கோணலாக்கிச் சுளிப்பீர்கள். இடுப்பை வளைத்துக் குனிவீர்கள். சுளிக்கும்போது எண் தடாலென்று விழும், பிறகு ஏறும். அது தெரிந்தே வைத்த கட்டம். இயந்திரம் இல்லாத இடத்தில் வாழைப்பழ வாசனை வரும் ஒரு திரவத்தையோ, கசக்கும் தூவலையோ மாஸ்க்குக்கு வெளியே விட்டு, உள்ளே இருப்பவருக்குத் தெரிகிறதா என்று கேட்பார்கள்.

ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு வடிகட்டி போடுவதால் இந்தச் சோதனையில் நேரழுத்தத்தின் துணை இல்லை. அதாவது நெருப்புக்குள் இருப்பதைவிடக் கடினமான நிலையில்தான் பொருத்தம் அளக்கப்படுகிறது. நியூயார்க் வீரர்கள் தாடியோடு இதில் தேறினார்கள். அவர்கள் கையில் இருந்த மிகப் பெரிய சீட்டு அது.

அந்தச் சீட்டு செல்லவில்லை. காரணம் ஓஷாவின் விதியிலேயே இருக்கிறது. பொருந்து பரப்பின் கீழே முள் தாடி இருந்தால்கூடப் பொருத்தச் சோதனையையே நடத்தக்கூடாது என்று அதன் பிற்சேர்க்கை சொல்கிறது. விதிப்படி பார்த்தால், அவர்கள் தேறிய சோதனை நடந்தே இருக்கக்கூடாது. தாடியோடு தேற முடியுமா என்று பார்க்கவே வழியில்லாத விதியை வைத்துக்கொண்டு, தாடியோடு தேறியதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கும் வட்டம் இது.

விதியை எழுதியவர்களுக்கு மூளை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பொருத்தச் சோதனை வருடத்துக்கு ஒருமுறை. தாடி ஒரு நாளைக்கு 0.3 அல்லது 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது. நியூயார்க்கில் ஒரே மூச்சாக 24 மணி நேரப் பணியில் இருக்கும் வழக்கமும் உண்டு. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 1 மில்லிமீட்டர் தாடியோடு தேறியவர், அடுத்த வாரம் 3 மில்லிமீட்டரோடு வண்டியில் ஏறினால் யார் அளப்பது? மழித்த முகத்தைப் பார்த்தாலே தெரியும். 1 மில்லிமீட்டருக்கும் 3 மில்லிமீட்டருக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகாலை மூன்று மணிக்கு ஒரு கேப்டன் எப்படிப் பார்ப்பார்? நிர்வாகக் கோணத்தில் பூஜ்யம் என்பது காப்பாற்ற எளிதான எண். அறிவியல் சொல்லும் எல்லை பூஜ்யம்தானா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் இந்த விவாதம் முழுக்க நடக்கிறது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டாவது கேள்விக்குள் போகவே இல்லை. கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி ஒன்று தெளிவாகத் தடுக்கும்போது, ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தைக் காட்டி அதை மீறும்படி ஒரு துறையை நிர்ப்பந்திக்க முடியாது என்பதுதான் 2021 தீர்ப்பின் சாரம். விதி சரியில்லை என்றால் விதியை எழுதியவர்களிடம் போங்கள் என்று பொருள். தாடி கசியுமா, கசியாதா என்பதைப் பார்க்க வேண்டிய தேவையே அந்த நீதிபதிகளுக்கு எழவில்லை.

இந்த வழக்குக்கு ஒரு பின்கதை இருக்கிறது. அந்த நான்கு வீரர்களின் தோல் பிரச்சினை, சவரத்துக்குப் பிறகு சுருண்டு வளரும் மயிர், நுனி திரும்பித் தோலுக்குள்ளேயே குத்தி நுழைவதால் வரும் அழற்சி. சுருள் மயிர் உள்ளவர்களுக்குத்தான் அதிகம் வரும், அதனால் கறுப்பின ஆண்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. ஒட்டச் சவரம் செய்யாமல் இருப்பதே முதல் வைத்தியம். இன்னொரு பக்கம், நியூயார்க் தீயணைப்புத் துறை காலங்காலமாக வெள்ளையர் நிறைந்த துறை. ஆள்சேர்ப்புத் தேர்வு கறுப்பினத்தவரையும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரையும் வடிகட்டி வெளியே தள்ளுகிறது என்று 2007-ல் தொடங்கிய வழக்கில், கறுப்பினத் தீயணைப்பு வீரர்களின் வல்கன் சங்கமும் சேர்ந்து போராடி ஜெயித்தது. 2014-ல் நகரம் சுமார் 9.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்தச் சமரசம் முடிந்த அடுத்த ஆண்டு தாடிக்கு விலக்கு, மூன்று ஆண்டில் அது ரத்து. இனப் பாகுபாடு என்ற வாதத்தை இரண்டு நீதிமன்றங்களுமே ஏற்கவில்லை. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் ஒன்றுபோல எழுதிய விதி யாருடைய முகத்தில் வலிக்கிறது என்று பார்த்தால் பதில் ஒரே பக்கம்தான் போகிறது.

வாஷிங்டனில் கதை வேறு. அங்கே தாடி மதத்துக்காக. இஸ்லாமியர்களும் யூதர்களும் வழக்காடியவர்களில் இருந்தார்கள். 2001-ல் நகரத்தின் புதிய தோற்ற விதியை எதிர்த்துத் தொடங்கிய வழக்கு 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. அவர்கள் நம்பியது 1993-ன் மதச் சுதந்திர மீட்புச் சட்டத்தை. அரசு ஒருவரின் மத வழக்கத்தில் கைவைத்தால், அதற்கு மிக அவசியமான காரணம் இருப்பதையும், அதைவிட மென்மையான வழி இல்லை என்பதையும் அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இந்தச் சட்டம் மாநிலங்களையும் அவற்றின் நகரங்களையும் கட்டுப்படுத்தாது என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராத கூட்டாட்சியின் நேரடிப் பகுதி என்பதால் அங்கே அது செல்லும்.

நிரூபிக்க வேண்டிய நகரம் சொதப்பியது. சிலிண்டர் காற்றோடு நேரழுத்தத்தில் இருக்கும்போது தாடியால் ஆபத்தில்லை என்று வீரர்கள் தரப்பு வைத்த கூற்றை நகரத்தின் வழக்கறிஞர்கள் முறையாக மறுக்கவில்லை. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிந்தைய காலம் அது. ரசாயனத் தாக்குதல் ஏதாவது நடந்து, சிலிண்டர் தீர்ந்து, வடிகட்டியை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதிலேயே அவர்கள் வாதத்தை நிறுத்தினார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் அந்தச் சிலரை மட்டும் பின்னால் நிறுத்திக்கொள்ளலாமே என்று நீதிமன்றம் கேட்டது. பதில் இல்லை.

ஓஷாவின் விதி அங்கே என்னவாயிற்று? மாநில, நகராட்சி ஊழியர்கள் மீது ஓஷாவுக்கு நேரடி அதிகாரம் கிடையாது. நியூயார்க் மாநிலம் அதே விதிகளைத் தன் அரசு ஊழியர்களுக்கும் தானாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதனால் அங்கே அது சுவர்போல நின்றது. வாஷிங்டனில் அந்தச் சுவர் வழக்கின் நடுவே வரவில்லை. ஆக, ஒரே மாதிரித் தாடி, ஒரே வகை மாஸ்க். ஓரிடத்தில் தோல்நோய்க்கு இல்லாத பலம் இன்னோரிடத்தில் மதத்துக்குக் கிடைத்தது.

கொரோனாவின்போது இதே கேள்வி மருத்துவமனைகளுக்கு வந்தது. மாண்ட்ரியாலில் சீக்கிய மருத்துவர்களான சகோதரர்கள் இருவர், நோயாளிகளைப் பார்ப்பதற்காக 2020-ல் தங்கள் தாடியை மழித்தார்கள். பிரிட்டனில் சீக்கிய மருத்துவர்கள் வேறு வழி தேடினார்கள். தாடியைக் கட்டும் தாட்டா என்ற துணிக்குப் பதிலாக, உடற்பயிற்சிக்குப் பயன்படும் மெல்லிய ரப்பர் பட்டையைத் தாடையைச் சுற்றி இறுக்கி உச்சியில் முடிந்து, அதன்மேல் மாஸ்க்கைப் போடுவது. விளிம்புக்கு முகமயிருக்குப் பதிலாக வழவழப்பான ரப்பர் கிடைத்துவிடுகிறது. சோதித்துப் பார்த்ததில் பெரும்பாலானோர் தேறினார்கள். ஆனால் அது மருத்துவமனை வார்டு. நெருப்பின் சூட்டில் முகத்தோடு ஒட்டிய மெல்லிய ரப்பர் பட்டை என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி. தலையையே மூடும் தளர்வான கவிகை மாஸ்க்கும் மருத்துவர்களுக்குச் சரி. கட்டடத் தீக்குள் சிலிண்டரோடு போகிறவருக்கு அந்த வகை அங்கீகரிக்கப்படவில்லை. நம் ஊரில் மாலை போட்டுக்கொண்டு ஒரு மண்டலம் கத்தி படாமல் இருக்கும் ஒருவர் தீயணைப்பு வண்டியில் ஏறினாலும் கேள்வி இதேதான். மயிருக்கு அது விரதத்தில் வளர்ந்ததா, சோம்பலில் வளர்ந்ததா என்று தெரியாது.

துறைகளைப் பற்றியும் ஒரு குறை சொல்ல வேண்டும். தீ அணைந்த பிறகு, சுவரையும் கூரையையும் பிரித்துப் போட்டுக் கனல் ஒளிந்திருக்கிறதா என்று தேடும் கட்டத்தில் மாஸ்க்கைக் கழற்றிவிடும் பழக்கம் பல பத்தாண்டுகளாகத் தீயணைப்புத் துறைகளில் இருந்தது, இன்னும் முழுசாக ஒழியவில்லை. புகை கண்ணுக்குத் தெரியாத அந்த நேரத்திலும் விஷ வாயுக்கள் இருக்கின்றன. அப்போது மாஸ்க்கின் பாதுகாப்பு யாருக்குமே இல்லை, மழித்தவருக்கும் சேர்த்துத்தான். ஒரு மில்லிமீட்டர் தாடிக்காக மேல்முறையீடு வரை போன கண்டிப்பு இதில் காட்டப்பட்டிருந்தால், பாதுகாப்புதான் அவர்களின் ஒரே அக்கறை என்று நம்புவது இன்னும் எளிதாக இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் வாஷிங்டன் நகரம் 2020-ல், கொரோனாவைக் காரணம் காட்டி, வழக்கில் ஜெயித்த தாடிக்காரர்களைக் களப்பணியிலிருந்து மாற்றியது. அது பழைய தடையாணையை மீறியதா என்ற சண்டை 2025 வரை நீண்டு, மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடியும் வீரர்கள் பக்கமே சாய்ந்தது.

அதே 2025-ல் நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியிலிருந்து இன்னொரு வழக்கு மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. கிறிஸ்தவ நம்பிக்கைக்காகத் தாடி வைக்க அனுமதி கேட்ட அந்தத் தீயணைப்பு ஊழியரின் வேலை, மற்ற வீரர்களின் மாஸ்க் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் சிலிண்டர்களைக் கவனிப்பதும்தான். நெருப்புக்குள் போகும் பணியில் அவரை இறக்குவதில்லை. என்றாவது அழைக்க வேண்டி வரலாம் என்று நகரம் வாதிட்டது. அப்படி அழைக்கப்படக்கூடிய அலுவலகப் பணியாளர்களுக்குப் பொருத்தச் சோதனையே நடத்தாமல் விட்டிருக்கிறீர்களே, அவர்கள் விஷயத்தில் இல்லாத ஆபத்து இவர் தாடியில் மட்டும் எங்கிருந்து வந்தது என்ற ரீதியில் கேட்டு, மதச் சுதந்திரக் கோரிக்கையை நீதிமன்றம் மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. அங்கேயும் பார்க்கப்பட்டது நகரம் விதியை எல்லோருக்கும் ஒன்றாக நடத்தியதா என்பதுதான். இப்போது புழக்கத்தில் இருக்கும் நேரழுத்த மாஸ்க்குகளை ஒன்று, இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தாடியுள்ள முகங்களில் மாட்டி, படியேற வைத்து, எவ்வளவு காற்று வெளியே போகிறது, எவ்வளவு புகை உள்ளே வருகிறது என்று அளந்து காட்டும்படி இந்த மூன்று வழக்குகளிலும் எந்த நீதிமன்றமும் யாரையும் கேட்கவில்லை.